நெருங்கிய உறவினர்

மாப்பிள்ளை ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் விசாரிப்பார். வாங்கிய பிறகு அதைப் பற்றி யாராவது விசாரித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் பெரியம்மா அவருக்கு ‘விசாரணை’ என்று பெயர் வைத்திருந்தாள். வாசலில் அவருடைய செருப்பு தரையைத் தேய்க்கும் சத்தம் கேட்டதுமே பின்னறையிலிருந்து குரல் வரும்.

“விசாரணை வந்தாச்சு. கமிஷன் உக்காரப் போகுது, நாற்காலி எடுத்துப் போடுங்கடி.”

மாப்பிள்ளைக்கு இது காதில் விழும். விழாதது மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பதினான்கு பயணக் காப்பீட்டுப் பாலிசிகளோடு வந்தார். எல்லாவற்றையும் அச்செடுத்து, துளைபோட்டு, ஒரு நீல ஃபைலில் கோத்திருந்தார். மூன்று நிற மார்க்கர் பேனாவால் கோடுகள். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் யோசிக்கலாம், சிவப்பு என்றால் ஏமாற்று. அவர் மனைவி சின்னவளின் அக்கா, பெரியவள், பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் இருந்ததெல்லாம் பச்சையாகியிருந்தது. பொடி எழுத்தின் மேல் எந்த நிறமும் படவே இல்லை.

மாப்பிள்ளை ஒரு மின்சாதனக் கடையில் மேனேஜர். ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்களிடம் கூடுதல் வாரண்டி விற்பதில் கெட்டிக்காரர் என்று கேடயம் வாங்கியிருந்தார். அவர் விற்ற வாரண்டியைக் காட்டி ஒரு மிக்ஸி மூடியைக்கூட யாரும் திரும்ப வாங்கியதில்லை. இதை அவரே விருந்தாளிகளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அப்படிப்பட்டவர், வேறொருத்தன் விற்கும் வாரண்டியை மட்டும் வேதவாக்காக நம்பினார். தொழில் தெரிந்தவன் தன் தொழிலிலேயே ஏமாறுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கும் சின்னவளுக்கும் கல்யாணமாகி இருபது வருஷம். அதைக் கொண்டாட உலகத்தின் மறுபக்கத்துக்கு, பனிமலையும் ஏரியும் பார்க்க, பதினைந்து நாள் பயணம். போக மட்டும் மூன்று விமானம் மாற வேண்டும். புருஷன் பெண்டாட்டி போகிற இடத்துக்கு அக்கா எதற்கு என்று யாரும் கேட்கலாம். பெரியவளும் கேட்டாள். சின்னவள் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரோட பதினஞ்சு நாள் தனியா என்னால முடியாதுக்கா. ஏரியைப் பார்த்தா ஆழம் எவ்வளவுன்னு கேப்பாரு. நீயும் வா.”

பெரியவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு அச்சகத்தில் இருபத்தொன்பது வருஷமாகப் பிழை திருத்துகிறாள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள், பரீட்சைக் கேள்வித்தாள், பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கை என்று, எழுதியவனே படிக்காததைப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. திருத்தி முடித்த ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்தப் பக்கத்துக்கு அவள் பொறுப்பு. தப்பாக அச்சாகிவிட்டால் முதலாளி எழுதியவனைத் தேட மாட்டார், கையெழுத்தைத்தான் தேடுவார்.

பின்னறையில் மூச்சு மிஷின் இரைந்துகொண்டிருந்தது. பெரியம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. நுரையீரல் நைந்துபோயிருந்தது. ஆனால் நாக்கு நையவில்லை.

பெரியவளுக்கு ஒன்பது வயதிலும் சின்னவளுக்கு ஒன்றரை வயதிலும் அவர்களுடைய அம்மா மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். நாலாம் நாள் அம்மாவின் அக்கா ஒரு தையல் மெஷினோடு வந்து இறங்கினாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே இரண்டு பேரையும் ஆளாக்கினாள். பேசப் பழகிய சின்னவள் ஒருநாள் அவளை “அம்மா” என்று கூப்பிட, மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாளாம்.

“உங்கம்மா ஒருத்தி இருந்தா. அவ இடத்துல நான் உக்காரல. நான் அவளுக்கு அக்கா, அதனால உங்களுக்குப் பெரியம்மா. ஒரு சொல்லு கூடத்தான் இருக்கு, குறைச்சலா இல்ல.”

அன்றிலிருந்து இருவருக்கும் பெரியம்மாதான்.

இந்தப் பயணத்துக்குப் பெரியவளைக் கிளப்பியதும் அவள்தான். “நான் சாகறதுக்கு நீ காவலா? நர்ஸம்மா இருக்கா, மிஷின் இருக்கு. போய்ப் பனியைப் பார்த்துட்டு வா. எனக்கு ஒண்ணுன்னா வந்துடுவேல்ல?”

“வந்துடுவேன்.”

“அது போதும்.”

அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுத்தான் பெரியவள் அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு பாலிசியிலும் அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெரியம்மாவுக்கு ஏதாவதென்றால், அடுத்த விமானத்தில் திரும்பி வரலாமா?

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “நான் விசாரிச்சவரைக்கும், அண்ணி, இந்த ஒன்பதாவதுதான் டாப். பெட்டி தொலைஞ்சா கவர். விமானம் லேட்டானா கவர். கோல்ஃப் மட்டை உடைஞ்சாக்கூட கவர்.”

“உங்ககிட்ட கோல்ஃப் மட்டை இருக்கா?”

“இல்ல. ஆனா இருந்தா கவர்.”

“சரி. பயணத்தைப் பாதியில விட்டுட்டு வரணும்னா?”

“அதுவும் இருக்கு பாருங்க, பச்சை அடிச்சிருக்கேன். நெருங்கிய உறவினருக்கு உயிருக்கு ஆபத்துன்னா, உடனே டிக்கெட் போட்டுக் கொண்டுவந்து விட்டுடுவான்.”

பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைத் தள்ளினாள். நாற்பத்தோராம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது. நெருங்கிய உறவினர் என்றால்: கணவர், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார். அதோடு முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளிக்குப் பிறகு எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் அடுத்த பக்கத்தையும் புரட்டினாள். அங்கே வளர்ப்பு நாயைப் பற்றி ஒரு பத்தி இருந்தது.

“பெரியம்மா இதுல இல்ல மாப்பிள்ளை.”

“இருக்கும், அண்ணி. பொதுவா எழுதியிருப்பான்.”

“இது பொதுவா எழுதினது இல்ல. எண்ணி எழுதினது.”

உதவி எண்ணைக் கூப்பிட்டார்கள். பதினோரு நிமிடம் ஒரே சங்கீதம். பிறகு ஒரு பெண் வந்தாள். மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

“பெரியம்மான்னா, மேடம்... அம்மாவோட அம்மாவா?”

“இல்லம்மா. அம்மாவோட அக்கா.”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “ஓ, ஆன்ட்டி! ஆன்ட்டி வராதுங்க மேடம்.”

“நான் ஆன்ட்டின்னு சொல்லல. எங்களை வளர்த்தவங்க.”

“புரியுதுங்க மேடம். எனக்கும் பெரியம்மா இருக்காங்க. ஆனா சிஸ்டத்துல இல்லைங்க மேடம்.”

“மாமியார் இருக்காங்களா?”

“மாமியார் தாராளமா உண்டுங்க மேடம்.”

அடுக்களையில் சின்னவள் களுக்கென்று சிரித்தாள். அவளும் அவள் மாமியாரும் பேசி ஒன்பது வருஷமாகிறது.

“நாய்?” என்றாள் பெரியவள்.

“நாய்க்குத் தனியா ஒரு திட்டம் சேத்துக்கலாங்க மேடம். நீங்க திரும்பி வர லேட்டானா, காப்பகத்துல வச்சுப் பார்த்துக்குவோம்.”

பின்னறையிலிருந்து, மூச்சு மிஷினைத் தாண்டிக் குரல் வந்தது. “ஏண்டி, நான் நாலு கால்ல நடந்தா ஒத்துக்குவாளான்னு கேளு!”

அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும். “வேறு ஏதாவது உதவி வேண்டுமா” என்று அவசரமாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பெரியவள் இருபது வருஷமாகப் பார்க்கிறாள். எதையோ கெடுக்கப்போகிறார் என்று அர்த்தம்.

“அண்ணி, ரொம்ப சிம்பிள். பெரியம்மாங்கறதுல என்ன இருக்கு? அம்மா இருக்கு. ‘பெரிய’வை வெட்டிடுங்க. வேலை முடிஞ்சது. விண்ணப்பத்துல ‘நோயுற்ற உறவினர்: அம்மா’ன்னு போட்டுடலாம். ஆளு அதே ஆளுதானே?”

“ஆளு அதேதான். சொல்லு அது இல்ல.”

“ஒரு சொல்லுக்கா இவ்வளவு?”

“நாப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல அவங்க ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவும் பண்றாங்க. வேற பாலிசி பாருங்க, மாப்பிள்ளை. வளர்த்தவங்களையும் சேத்துக்கிறவன் ஒருத்தனாவது இருப்பான்.”

“பாக்குறேன், பாக்குறேன்” என்றார். பார்க்கப் போவதில்லை என்பதற்கு அவர் வைத்திருந்த சொல் அது. பதினான்கை விசாரித்தவருக்குப் பதினைந்தாவது ஒன்று இருக்கலாம் என்பதே அவமானம்.

புறப்படுவதற்கு முதல்நாள் நீல ஃபைலைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். பெட்டிகள் கட்டி வாசலில் நின்றன. சின்னவள் புதுக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தபடி கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். ‘நோயுற்ற நெருங்கிய உறவினர்: அம்மா.’ பெரியம்மாவின் பெயரும் வயதும் சரியாக இருந்தன. உறவில்தான் வெட்டு விழுந்திருந்தது.

கையில் பென்சில் இருந்தது. இதைச் சொன்னால் இன்று இரவு சாப்பாடு நடக்காது, நாளைப் பயணம் முகத்தைத் தூக்கிக்கொண்டே நடக்கும் என்று தெரியும். அது மட்டும் காரணமில்லை. ஒருவேளை இந்தப் பிழை பலித்துவிட்டால் என்ற நப்பாசையும் அவளுக்கு இருந்தது. மற்றவர்கள் பிழையை விட்டுவிட்டால் ‘தூங்கிட்டியா?’ என்று அச்சகத்தில் கேட்பவள் அவள். ஃபைலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளையை இகழ்வதற்கு அவளுக்கு ஆயிரம் காரணம் உண்டு. அன்று தன் கணக்கிலும் ஒன்று சேர்ந்துகொண்டது.

பனி நன்றாகத்தான் இருந்தது. ஏரி எவ்வளவு ஆழம் என்று மாப்பிள்ளை கேட்டார். எண்ணூறு அடி என்றார்கள். அதை ஒத்துக்கொள்ளாமல் இன்னொரு படகுக்காரனையும் விசாரித்தார்.

ஒன்பதாம் நாள் காலை, விடுதியில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, மூச்சு ரொம்ப இழுக்குது. டாக்டர் வந்து பார்த்தாரு. வரவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கன்னுட்டாரு.”

மாப்பிள்ளை துடைப்புத் தாளில் கையைத் துடைத்தபடி எழுந்தார். இத்தனை நாள் இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருந்தது. “கவலையே படாதீங்க, அண்ணி. எல்லாம் கவர்.” அறைக்குப் போய், கடல் கடந்து தூக்கி வந்திருந்த நீல ஃபைலைப் படுக்கையில் விரித்தார். உதவி மையத்தைக் கூப்பிட்டார். அதே சங்கீதம். அதே மாதிரி ஒரு பெண்.

டாக்டரின் கடிதம் கேட்டார்கள். நர்ஸம்மா படமெடுத்து அனுப்பினாள். நோயாளி உங்கள் அம்மா என்பதற்குச் சான்று கேட்டார்கள். சகோதரிகள் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் மாப்பிள்ளை தன் கைபேசியில் தயாராக வைத்திருந்தார், அனுப்பினார். அதைப் பெருமையாகச் செய்தார்.

“சார், சான்றிதழ்ல அம்மா பேரு வேறயா இருக்குங்களே?”

“அது வந்து... அவங்க வேற. இவங்க அம்மா மாதிரி.”

“மாதிரின்னா, சார்?”

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பனிமலையைப் பார்த்தார். மலை உதவவில்லை. “அம்மாவோட அக்கா. ஆனா அம்மாதான்.”

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, சார்.”

மறுபடியும் சங்கீதம் தொடங்கியது. அந்தச் சங்கீதத்தின் இரண்டாவது சுற்று முடிவதற்குள் பெரியவள் தன் கைபேசியில் தனக்கு டிக்கெட் எடுத்து முடித்திருந்தாள். அந்தச் சின்ன ஊரிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே விமானம், அது மத்தியானம். துணிகளை மடிக்காமல் பெட்டியில் அமுக்கினாள்.

மாப்பிள்ளை போனைப் பொத்திக்கொண்டு திரும்பினார். “அண்ணி, அவசரப்படாதீங்க. ரெண்டு மணி நேரத்துல சூப்பர்வைசரே கூப்பிடுவாங்களாம். அதுக்குள்ள நாமளா டிக்கெட் எடுத்தா கிளெய்ம் கெட்டுடும்.”

“கெடட்டும். ரெண்டு மணி நேரம் கழிச்சு விமானம் இல்ல.” சின்னவளைப் பார்த்தாள். “நீ வர்றியா?”

சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் காலுறை மாட்டியிருந்தாள், இன்னொன்று கையில் இருந்தது. அவள் கண் அக்காவைப் பார்த்தது. பிறகு புருஷனைப் பார்த்தது. இருபது வருஷமாக அது அப்படித்தான் போகும், சரிவில் உருளும் கோலிக்குண்டு மாதிரி.

“ரெண்டு மணி நேரம்தானேக்கா... பின்னாடியே வந்துடறோம்.”

“சரி” என்றாள் பெரியவள். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஒன்றரை வயதில் இழுத்துக்கொண்டு அலைந்த கைதான். ஆனால் இழுக்கவில்லை. டாக்ஸி கீழே நின்றது.

சூப்பர்வைசர் மறுநாள்தான் கூப்பிட்டார்.

மூன்று விமானம், இருபத்தொன்பது மணி நேரம். பெரியவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை பத்தரை மணி. செருப்பைக் கழற்றாமல் பின்னறைக்குப் போனாள். பெரியம்மா கண்ணைத் திறந்தாள். முகம் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“ஒருத்தியா வந்தியா?”

“ஆமா பெரியம்மா.”

“சின்னவ?”

“வந்துட்டிருக்கா.”

மூச்சை இழுத்து நிறுத்திச் சேர்த்து, அடுத்த சொல்லுக்குத் தயாரானாள். “விசாரணை?”

“அவரும்தான்.”

பெரியம்மாவின் வாய் ஒருபக்கம் கோணியது. யாரோ போட்ட கோணல் தையலைப் பார்க்கும்போது அவள் வாய் அப்படித்தான் போகும். “இன்னும் விசாரிக்கிறானா” என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அவள் முழுசாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது. அதன் பிறகு இரண்டு தடவை “சின்னவ” என்றாள். இரண்டு தடவையும் பெரியவள் வாசலைப் பார்த்துவிட்டு, “இதோ” என்றாள். சாயங்காலம் நாலு மணிக்கு நர்ஸம்மா மிஷினை அணைத்தாள். அது இத்தனை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சின்னவள் வந்தாள். முகம் பார்க்கக் கிடைத்தது, பேச்சுக் கேட்கக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டு வந்தவர்களிடம் விமானத் தாமதங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, அதே மேஜைக்கு அவர் ஒரு கடிதத்தோடு வந்தார். உறையைக் கவனமாக, ஓரம் கிழியாமல் திறந்திருந்தார். சின்னவள் வாங்கி வாய்விட்டுப் படித்தாள்.

“‘எங்கள் விசாரணையில், தங்கள் தாயார் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமானதாகத் தெரியவந்துள்ளது. எனவே அன்னாரின் தற்போதைய மரணத்தை ஏற்றுக்கொள்ள இயலாமைக்கு வருந்துகிறோம்.’”

‘தற்போதைய மரணம்’ என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது வேறாகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மேல்முறையீடு பண்ணலாம்” என்றார் மாப்பிள்ளை. “ஒரு வக்கீலை விசாரிச்சிருக்கேன், அண்ணி. வழி இருக்காம்.”

பெரியவள் நீல ஃபைலை இழுத்து, மூன்றாம் பக்கத்தை எடுத்தாள். ‘அம்மா’வுக்கு முன்னால் கீழே, விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லும் கூம்புக் குறி போட்டு, ஓரத்தில் ‘பெரிய’ என்று எழுதினாள். பக்கத்தின் அடியில், அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய சுருக்கக் கையெழுத்தைப் போட்டாள். அப்புறம் கடிதத்தை எடுத்து ‘தாயார்’ முன்னாலும் அதே குறியைப் போட்டாள்.

“இப்பத் திருத்தி என்னக்கா ஆகப்போகுது?”

“ஒண்ணும் ஆகாது.”

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். மூன்று வாரமாக அவள் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது.

“அக்கா... அன்னைக்கு அவங்க யாரைக் கேட்டாங்க? என்னைக் கேட்டாங்களா?”

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவள் அவருடைய குனிந்த உச்சந்தலையைப் பார்த்தாள். ஒரே சொல் போதும். இந்த மனிதர் இனி இந்த வீட்டு வாசலில் செருப்பைத் தேய்க்க முடியாது. ஆனால் அந்தச் சொல் அவர் மேல் விழுவதற்கு முன்னால் தங்கையின் மேல் விழும்.

“மாப்பிள்ளையைத்தான் கேட்டாங்க” என்றாள். “இன்னும் விசாரிக்கிறானான்னு.”

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்படியே பெரியம்மா பேச்சு” என்றாள்.

பெரியவள் பென்சிலைக் கீழே வைத்தாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு சொல் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.